பதினாறுக்கு ஏழு

2009 மே மாதக் கடைசி. சோழபுரத்தில் எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவரின் தறிக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். நாலு தறி, நாலிலும் பேண்டேஜ் துணி. சத்திரப்பட்டிக்காரர்களுக்குக் கூலிக்கு ஓட்டுகிற தறிகள். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அந்தச் சத்தத்தையும் மீறி எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பையன் கத்திக்கொண்டே ஓடிவந்தான்: “மாமா, ஜவுளி நமக்கு வந்திருச்சு! உரமும் நமக்குத்தானாம்!”

அண்ணாச்சி நாலு தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். பட்டப்பகலில் தறிக்காரர் தறியை நிறுத்துவது சாவுக்கு, கல்யாணத்துக்கு, கரண்ட் போனதற்கு. அன்றைக்கு மத்திய மந்திரிசபைப் பட்டியலுக்காக நிறுத்தினார். துண்டால் முகத்தில் படிந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப நூல் விலை எறங்கும்லா?”

பையன் சொன்ன அந்த ‘நமக்கு’ என்ற சொல்லை இத்தனை வருடமாக நான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். தில்லியில் கூட்டணி மந்திரிசபை அமைகிற ஒவ்வொரு முறையும் எங்கள் ஊரில் அந்தச் சொல் கேட்கும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வாசலில் கேட்கும். எந்த இலாகா நமக்கு, கேபினட் எத்தனை நமக்கு, இணை அமைச்சர் எத்தனை நமக்கு. நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ராத்திரி ராத்திரியாகச் சுண்ணாம்பு அடித்துச் சுவரெழுதியவன். அதனால் நம் தலைவர்கள் தில்லியில் காட்டிய திறமையை மெச்சுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. மெச்சத்தான் போகிறேன். ஒரு சொல்கூட மிகையாகச் சொல்லப்போவதில்லை. எல்லாம் ஊரறிந்த கணக்கு.

முதலில் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 2004 தேர்தலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து 40-க்கு 40 ஒரே அணிக்கு அள்ளிக் கொடுத்தது. அதில் திமுகவுக்கு 16. அந்தப் பதினாறை தில்லிக்குக் கொண்டுபோய் ஏழு மந்திரி பதவியாக்கிக்கொண்டு வந்தார்கள். டி.ஆர்.பாலு, தயாநிதி மாறன், ஆ.ராசா மூவரும் கேபினட். பழனிமாணிக்கம், சுப்புலட்சுமி ஜெகதீசன், வேங்கடபதி, ரகுபதி நால்வரும் இணை அமைச்சர்கள். பாமகவுக்கு அன்புமணியும் ஆர்.வேலுவும். காங்கிரஸ் பங்கில் ப.சிதம்பரம், மணிசங்கர் ஐயர், ஈ.வெ.கி.ச.இளங்கோவன். ஆக, ஒரே மாநிலத்துக்கு 12 பேர். வேறெந்தச் சந்தையில் எந்தத் தரகர் இப்படி விலை பேசி முடித்திருப்பார்? எங்கள் பக்கம் பாகப்பிரிவினை என்றால் கிணறு யாருக்கு, கிணற்றடித் தென்னை யாருக்கு, வண்டிப்பாதை யார் பக்கம் என்று ஒரு மாசம் பேசுவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் ஏமாந்திருப்பார். 2004-இல் நம்மவர்கள் ஏமாறவில்லை. மே 22 அன்று பதவியேற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒப்புக்கொண்ட இலாகா வரவில்லை என்று பொறுப்பேற்காமல் காத்திருந்தார்கள். தெலங்கானாவின் சந்திரசேகர ராவிடம் கொடுத்திருந்த கப்பல் துறையை அவர் விட்டுக்கொடுத்தார். அது சாலைப் போக்குவரத்தோடு சேர்ந்து டி.ஆர்.பாலுவிடம் வந்தது. வாங்க வேண்டியதை வாங்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்ற அந்த உறுதியை நான் மதிக்கிறேன். கப்பல் துறையைக் கேட்டதில் ஒரு காரணமும் இருந்தது. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். 2,427 கோடி ரூபாய்த் திட்டம். அந்தக் கால்வாயில் இன்றுவரை ஒரு கப்பலும் போகவில்லை.

பதவிக்குப் போகிற வேகத்தில் நம்மவர்களுக்கு நெடிய மரபு இருக்கிறது. 1979 ஆகஸ்டில் சரண்சிங் மந்திரிசபையில் அதிமுகவின் சத்தியவாணி முத்துவும் அரவிந்த பாலா பழனூரும் சேர்ந்தார்கள். திராவிடக் கட்சி ஒன்று மத்திய மந்திரிசபைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் முறை. ஆகஸ்ட் 19-இல் பதவியேற்றார்கள். 20-ஆம் தேதி பிரதமரே ராஜினாமா செய்தார். நாளைக்கு விழப்போகிற வீட்டுக்கு இன்றைக்குப் பால் காய்ச்சுகிற துணிச்சல் எல்லோருக்கும் வராது. 1989-இல் திமுகவுக்கு மக்களவையில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அப்படியும் வி.பி.சிங் மந்திரிசபையில் மாநிலங்களவை வழியாக முரசொலி மாறன் நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சரானார். அந்த அரசு இருந்தபோதுதான் மண்டல் வந்தது, காவிரி நடுவர் மன்றம் வந்தது. நடுவர் மன்றத்தை அமைக்கச் சொல்லி உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் கையில் ஒரு மக்களவை உறுப்பினரும் இல்லாத காலத்தில் கிடைத்த அந்த இரண்டைப் போல, கை நிறைய உறுப்பினர்கள் இருந்த காலத்தில் எது கிடைத்தது என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். செம்மொழி கிடைத்தது, 2004 அக்டோபரில். அதை மறுக்க மாட்டேன்.

1998-ஐப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அந்த மார்ச் மாதம் எங்கள் ஊர் டீக்கடையில் பெஞ்சுக்குப் பெஞ்சு ஒரே பேச்சு: கடிதம் போச்சா, போகலையா? அதிமுக அணிக்குத் தமிழ்நாட்டில் 30 இடம், அதிமுகவுக்கு மட்டும் 18. வாஜ்பாய் பிரதமராக அந்த ஆதரவுக் கடிதம் வேண்டும். நாள் கணக்கில் கடிதம் வரவில்லை. தில்லியிலிருந்து தூதர்கள் போயஸ் தோட்டத்துக்குப் பறந்து பறந்து வந்தார்கள். நூறு கோடியை நெருங்கிய ஒரு தேசம் சென்னையிலிருந்து ஒரு கடிதத்துக்காக வாசலில் நின்றது. அந்தப் பதினெட்டின் கனத்தை ஜெயலலிதா அறிந்ததுபோல் அதற்கு முன்பு எவரும் அறிந்ததில்லை. அது பெரிய அறிவு. மார்ச் 19-இல் அரசு பதவியேற்றது. தம்பிதுரை சட்டத் துறைக்கு, சேடப்பட்டி முத்தையா தரைவழிப் போக்குவரத்துக்கு, கடம்பூர் ஜனார்த்தனனும் ஆர்.கே.குமாரும் இணை அமைச்சர்களாக. முத்தையா ஒரு மாதம் ஆவதற்குள் வழக்கில் குற்றச்சாட்டு பதிவானதால் ராஜினாமா செய்தார்.

அப்புறம் பதின்மூன்று மாதம். அந்தப் பதின்மூன்று மாதமும் அம்மையார் எதைக் கேட்டார் என்பதை நாடு மறக்கவில்லை. திமுக அரசைக் கலைக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். காவிரியையும் கேட்டார், 1998 ஆகஸ்டில் பிரதமர் தலைமையில் ஒரு ஆணையம் வந்தது, அதிகாரம் இல்லாமல் வந்தது. அதை வலுப்படுத்து என்று அரசைக் கவிழ்த்திருந்தால் இன்றைக்கு டெல்டாக்காரர்கள் அவருக்குக் கோயில் கட்டியிருப்பார்கள். அரசைக் கவிழ்த்தது கடற்படைத் தளபதி பகவத்தின் பதவிநீக்கத்தை ஒட்டி எழுந்த தகராறில். 1999 ஏப்ரல் 14-இல் ஆதரவு வாபஸ். 17-ஆம் தேதி வாக்கெடுப்பு: 269-க்கு 270. ஒரே ஒரு ஓட்டு. அவர் வைத்திருந்த பதினெட்டின் எடை அந்த ஒரு ஓட்டில் தெரிந்தது. வாக்கெடுப்பு நாளில் தராசு முள்ளைத் தன் பக்கம் சாய்த்துக் காட்டிய அந்தக் கையின் வலிமையை நான் புகழ்கிறேன். அந்தக் கை சிவகாசித் தீப்பெட்டிக்காரர்களுக்கோ, எங்கள் தறிக்காரர்களுக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வறண்ட கண்மாய்களுக்கோ ஒருநாளும் அப்படி நீண்டதாக எனக்கு நினைவில்லை.

சொல்லவே கஷ்டமாக இருக்கிற ஒன்று இருக்கிறது. சொல்லாமல் போனால் இந்தப் பாராட்டு முழுமையாகாது.

2009 மே 16-இல் தேர்தல் முடிவு வந்தது. திமுகவுக்கு 18 இடம். மே 18, 19-இல் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. எங்கள் ஊரில் அந்த ரெண்டு நாளும் டீக்கடை டிவிக்கு முன்னால் நின்றவர்கள் யாரும் டீ குடிக்கவில்லை. கிளாஸ் கையில் ஆறிப்போனது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் டிவியை அணைக்கச் சொன்னார், கடைக்காரர் அணைத்தார். அந்த வாரமே, தில்லியில், நம் தலைவர்கள் மந்திரிசபைப் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள். 85 வயதை எட்டிக்கொண்டிருந்த திமுக தலைவர் சக்கர நாற்காலியில் தில்லிக்குப் போனார். கேபினட் எத்தனை, யார் யாருக்கு, எந்தத் துறை என்பதில் உடன்பாடு வரவில்லை. 21-ஆம் தேதி, “வெளியில் இருந்து ஆதரவு” என்று அறிவிப்பு வந்தது. 22-ஆம் தேதி மன்மோகன் சிங் பதவியேற்ற மேடையில் திமுக இல்லை. தலைவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார். மந்திரிசபையை விட்டு விலகி நிற்கிற அளவுக்குக் கோபம் வரும் என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தோம். எதற்கு அந்தக் கோபம் வந்தது என்பதையும் பார்த்தோம்.

இதற்கு என்ன பெயர் வைப்பது? மன உறுதி என்றுதான் வைக்க முடிகிறது. வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சொத்துப் பேச்சு எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பங்காளிகள் எழுந்து போய்விடுவார்கள். நமக்குத்தான் மனசு இளகினது, கை நடுங்கினது. அவர்களுக்கு நடுங்கவில்லை. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் எந்தத் துறைக்கு எதிரில் இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஒரு பிசகும் வரவில்லை. மே 28-இல் மு.க.அழகிரி, தயாநிதி மாறன், ஆ.ராசா கேபினட் அமைச்சர்களானார்கள். பழனிமாணிக்கம், நெப்போலியன், ஜெகத்ரட்சகன், காந்திச்செல்வன் இணை அமைச்சர்கள். மறுபடியும் ஏழு. அந்தச் செய்தியைத்தான் அந்தப் பையன் தறிக்கொட்டகைக்குள் கத்திக்கொண்டு வந்தான். அண்ணாச்சி தறியை நிறுத்தினார். பத்து நாள் முன்பு டிவியை அணைக்கச் சொன்னவரும் அவர்தான்.

ஜவுளி நமக்கு வந்தது, உரமும் நமக்கு வந்தது. வந்தபிறகு என்ன நடந்தது என்றால், 2010 ஏப்ரல் 1 முதல் டிஏபி போன்ற உரங்களுக்கு ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் என்று ஒரு முறை வந்தது. விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 500 ரூபாய்க்குள் வாங்கிய டிஏபி மூட்டை இரண்டு வருடத்தில் 1,000 ரூபாயைத் தாண்டியது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் டிஏபி போடாமல் எங்கள் பக்கம் விவசாயம் கிடையாது. உரத்துறை அமைச்சர் பக்கத்து மதுரைக்காரர். அவர் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசியது அபூர்வம். மௌனம் ஞானிகளுக்குரியது என்பார்கள். மூட்டைக்கு ஐநூறு ரூபாய் ஏறிய நேரத்தில் அந்த மௌனத்தை அவர் கலைக்கவே இல்லை. 2010 முடிந்து 2011 பிறந்தபோது பஞ்சு விலை யாரும் பார்த்திராத உயரத்துக்குப் போனது. நூல் விலை கூடவே போனது. திருப்பூரில் கடையடைப்பு நடந்தது. ஜவுளித்துறை அமைச்சர் சென்னைக்காரர். ராஜபாளையம் மில்களிலிருந்து நூல் எடுக்கிற அண்ணாச்சி நாலு தறியில் ரெண்டை நிறுத்தினார். இந்த முறை யாரும் ஓடிவந்து செய்தி சொல்லவில்லை. ஆ.ராசா 2010 நவம்பரிலும், தயாநிதி மாறன் 2011 ஜூலையிலும் ராஜினாமா செய்தார்கள். அலைக்கற்றை வழக்கில் ராசாவை நீதிமன்றம் 2017-இல் விடுதலை செய்தது. அதற்குள் அண்ணாச்சி அந்த ரெண்டு தறியையும் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்.

தறியை விடுகிறேன், உரத்தை விடுகிறேன். தண்ணீருக்கு வருகிறேன்.

சோழபுரத்தில் மேற்கே பார்த்தால் மலை நிற்கிறது. மேகம் அதன் தலையில் வந்து உட்காரும், அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டும், மேற்குக் கடலுக்குப் போகும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இந்தப் பகுதி முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டே காய்கிற ஊர்கள். இங்கே எந்தச் சிறு பிள்ளையைக் கேட்டாலும் நமக்கு என்ன வேண்டும் என்பதற்கு ஒரே பதில்தான். தஞ்சாவூரில் கேட்டாலும் அதே பதில். கம்பத்தில் கேட்டாலும் அதே பதில். காவிரியில் கர்நாடகத்தோடு வழக்கு, முல்லைப் பெரியாற்றில் கேரளத்தோடு வழக்கு, பாலாற்றில் ஆந்திரத்தோடு வழக்கு.

இனி நம்மவர்கள் கேட்டு வாங்கிய துறைகளைப் பாருங்கள். நகர்ப்புற வளர்ச்சி, தொழில், வணிகம், சட்டம், பெட்ரோலியம், தரைவழிப் போக்குவரத்து, கப்பல், சுற்றுச்சூழல், தொலைத்தொடர்பு, ஜவுளி, ரசாயனம், உரம், சுகாதாரம், ரயில்வே, நிதி. பத்திரிகைக்காரர்கள் ‘வளமான இலாகா’ என்று எழுதுவார்களே, அவற்றில் பாதிக்கு மேல் நம் கையில் இருந்தன. திமுக, அதிமுக, பாமக, மதிமுக என்று எந்தக் கட்சி எந்த அணியில் போனாலும், நீர்வளத் துறை என்ற நாற்காலியில் மட்டும் நம் மாநிலக் கட்சிக்காரர் ஒருவரும் கேபினட் அமைச்சராக உட்கார்ந்ததில்லை. தண்ணீருக்காக மூன்று மாநிலத்தோடு வழக்காடுகிற மாநிலத்தின் கட்சிகள் தண்ணீர் இலாகாவுக்கு வேண்டி ஒருநாளாவது பொறுப்பேற்க மறுத்ததாகச் செய்தி வந்ததுண்டா? கப்பலுக்காக மறுத்தார்கள், அதை மேலே சொன்னேன். நல்ல இலாகா எது, வறண்ட இலாகா எது என்று பார்த்தவுடனே பிரித்தறிகிற கண் அவர்களுக்கு. அந்தக் கண் எங்களுக்கு இல்லாததால்தான் தண்ணீர்தான் வளம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வழக்கில் இருக்கிற மாநிலத்துக்கு நீர்வளத்தைத் தர மாட்டார்கள், அது முறையுமில்லை என்று கட்சிக்காரர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 1996 ஜூன் 1 அன்று பிரதமர் நாற்காலியிலேயே கர்நாடகத்துக்காரரான தேவகவுடா உட்கார்ந்தார். நம்மிடம் அப்போது தமிழ் மாநில காங்கிரசுக்கு 20, திமுகவுக்கு 17 என்று 37 பேர் இருந்தார்கள். முறை என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை.

காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பைக் கொடுத்தது 2007 பிப்ரவரி 5-இல். மத்திய அரசின் கெஜட்டில் அச்சாகி வந்தால்தான் அந்தத் தீர்ப்புக்கு உயிர். கெஜட்டில் வந்தது 2013 பிப்ரவரியில். இடையில் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும், 2009 மே மாதத்தின் சில நாள் தவிர, திமுக அமைச்சர்கள் அதே மத்திய அமைச்சரவையில் இருந்தார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தது என்பார்கள், இருந்தது உண்மை. கடைசியில் அதை அச்சேற்ற வைத்தது உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்பு; அந்தக் கண்டிப்பைக் கேட்டு வழக்காடியது அமைச்சரவைக்கு வெளியே இருந்த ஜெயலலிதா அரசு. இலாகா தராததற்கு உடனே தில்லியை விட்டுத் திரும்பியவர்கள், தீர்ப்பு அச்சாகாததற்கு ஆறு வருடம் பொறுத்திருந்தார்கள். பொறுமையில் இதை மிஞ்ச ஆளில்லை. திமுக மந்திரிசபையை விட்டு வெளியே வந்தது அதற்கு அடுத்த மாதம், 2013 மார்ச்சில், இலங்கைப் பிரச்சினையில். முள்ளிவாய்க்கால் முடிந்து அப்போது மூன்று வருடம் பத்து மாதம்.

ஒன்றை மட்டும் எந்த உள்ளர்த்தமும் இல்லாமல் சொல்கிறேன். 1997 நவம்பரில், ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையை வைத்து, திமுக அமைச்சர்களை நீக்கினால்தான் ஆதரவு என்றது காங்கிரஸ். ஐ.கே.குஜ்ராலும் ஐக்கிய முன்னணியும் முடியாது என்றார்கள். நவம்பர் 28-இல் அந்த அரசு போயிற்று. கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பதைவிட நாற்காலியை விடலாம் என்று ஒரு மந்திரிசபை முடிவெடுத்ததை நான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். கூட்டணி ஆட்சி என்றாலே பேரம்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள மனசு வராதது இதனால்தான். அது பேரமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை.

எங்கள் விருதுநகர்க்காரர் ஒருவரையும் நினைத்துக்கொள்கிறேன். 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் காமராஜர். 1964-இலும் 1966-இலும் பிரதமரைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் முன்னால் நின்றவர் அவர். அந்த இரண்டு மந்திரிசபைப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அவர் இலாகா கேட்டதாக யாரும் எழுதவில்லை.

இப்போது தென்காசித் தொகுதியில் இருக்கிறோம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டம், ஆனால் நாடாளுமன்றத்துக்குத் தென்காசி. 2024-இல் தமிழ்நாட்டின் 39-ம் எதிரணிக்குப் போனது. ஜூன் 9 அன்று தில்லியில் பிரதமரையும் சேர்த்து 72 பேர் பதவியேற்றார்கள். தமிழ்நாட்டில் ஓட்டு வாங்கி ஜெயித்த ஒருவரும் அதில் இல்லை. நிர்மலா சீதாராமன் கர்நாடகத்திலிருந்து, ஜெய்சங்கர் குஜராத்திலிருந்து, எல்.முருகன் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவை வழியாக வந்தவர்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அன்று ‘நமக்கு’ என்ற சொல் கேட்கவில்லை. ஆனால் அன்றைய பட்டியலில் ஒரு எண் என்னைத் தூங்கவிடவில்லை. பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, 240. தாங்கிப் பிடித்த கட்சிகளில் பெரியது தெலுங்கு தேசம். அவர்களுக்கு எத்தனை இடம் தெரியுமா? 16. நமக்கு 2004-இல் இருந்த அதே பதினாறு.

அந்தப் பதினாறுக்கு சந்திரபாபு நாயுடு வாங்கியது இரண்டே மந்திரிகள்: ராம்மோகன் நாயுடு கேபினட், பெம்மசானி சந்திரசேகர் இணை அமைச்சர். நம் கணக்கில் பார்த்தால் ஐந்து குறைவு. ஏமாந்துவிட்டார் என்றுதான் எங்கள் ஊரில் சிரித்தார்கள். ஜூலை 23-இல் பட்ஜெட் வந்தது. அமராவதித் தலைநகருக்குப் பன்னாட்டு நிதி அமைப்புகள் வழியாக 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு செய்வதாக நிதியமைச்சர் வாசித்தார். போலவரம் அணையை முடித்துத் தருவோம் என்றும் வாசித்தார். போலவரம் தண்ணீர்த் திட்டம். நாயுடுவைத் தூக்கிப் பிடிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவரும் பேரம்தான் பேசினார். ஆனால் அவர் பேரத்தில் கேட்டது ஊருக்கு. நம்மவர்கள் பேரத்தில் கேட்டது ஆளுக்கு. பதினாறுக்கு ஏழு வாங்கியவர்களின் திறமையை, பதினாறுக்கு இரண்டு வாங்கியவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

இன்னொரு நாள் வரும். தில்லியில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நாள் வராமல் இருக்காது. அன்றைக்குத் தமிழ்நாட்டின் 39 மறுபடி தராசுத் தட்டில் ஏறும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அன்றைக்கு தில்லிக்குப் பேசப் போகிறவர்களிடம் சோழபுரத்திலிருந்து ஒரு வேண்டுகோள். நாற்காலி எத்தனை என்று பேசி முடித்தபிறகு, நீர்வளத் துறையைக் கேளுங்கள். தரமாட்டோம் என்றால், 2009-இல் திரும்பினீர்களே, அதே கோபத்தோடு ஒருமுறை திரும்பி வாருங்கள். இந்த ஊர்கள் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து உங்களை மாலை போட்டு அழைத்துப்போகும். நான் மறுபடி சுவரெழுதுவேன்.

எங்களுக்குத் தெற்கே சிவகிரிக்கு மேலே, மலையில் கேரள எல்லைக்குள், செண்பகவல்லி அணைக்கட்டு இருக்கிறது. மேற்கே போகிற தண்ணீரை நம் பக்கம் திருப்பிவிடுவதற்குப் பெரியவர்கள் கட்டியது. உடைந்துபோய்ப் பல பத்தாண்டு ஆகிறது. இரண்டு மாநிலத்தையும் உட்காரவைத்துத் தில்லி ஒரு வார்த்தை பேசினால் முடிகிற வேலை. நம் அமைச்சர்கள் தில்லியில் இருந்த காலத்திலும் அது உடைந்துதான் கிடந்தது. இன்றைக்கும் உடைந்துதான் கிடக்கிறது.